சுபம் போட்ட பிறகும் அவள் கதை ஓடுவது ஏன்?

போன மாதம் என் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் டிவியில் ஓடவிட்டிருந்த படத்தைக் கொஞ்ச நேரம் நின்றபடியே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அத்தை, ஹீரோவும் ஹீரோயினும் சேர்ந்தாச்சுன்னா காதல் கதை முடிஞ்சது. அப்புறம் ரெண்டாம் பாகம், மூணாம் பாகம், நாலாம் பாகம் எல்லாம் எதுக்கு? அதுவும் எப்பப் பாத்தாலும் சொதப்பிக்கிட்டே இருக்கிற ஒருத்தியை வெச்சு?" அன்று அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நானும் பாதி பதிலோடு அனுப்பிவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன். அவளைப் போலவே கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஓடிக்கொண்டிருந்தது பிரிட்ஜெட் ஜோன்ஸ் என்ற லண்டன் பெண்ணைப் பற்றிய ஆங்கிலப் பட வரிசையில் மூன்றாவது. பதிலையும் அவளை வைத்தே சொல்கிறேன். குறையுள்ள நாயகியை வைத்து அடுத்தடுத்த பாகம் எடுப்பதில் என்னவெல்லாம் சரியாக வரும், எங்கெல்லாம் கவிழும் என்பதற்கு அந்த நான்கு படங்களே போதும்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்றால், திருச்சியில் நானும் வீட்டுக்காரரும் ஒன்பது வருடம் லெண்டிங் லைப்ரரி நடத்தினோம். ஒரு பக்கம் புத்தகம், இன்னொரு பக்கம் டிவிடி. யார் எதை எடுத்தார்கள், எத்தனை முறை எடுத்தார்கள் என்பதெல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கும். ஊரில் விமர்சனம் எழுதுகிறவர்களைவிட அந்த நோட்டு எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

முதலில் அவள் கேள்வியின் முன்பாதி. பழைய தமிழ்ப் படங்களில் மாலை மாற்றியதும் 'சுபம்' என்று எழுத்து வரும். அது சரிதான், ஏனென்றால் வழக்கமான காதல் கதை நாயகிக்கு ஒரே ஒரு குறைதான் உண்டு: அவன் இன்னும் வரவில்லை. அழகு, குணம், கெட்டிக்காரத்தனம் எல்லாம் முதல் காட்சியிலேயே இருக்கும். அவன் வந்ததும் அந்த ஒரு குறையும் தீர்ந்தது. அவளை வைத்து இன்னொரு பாகம் எடுக்க வேண்டுமானால் வெளியிலிருந்து ஒரு வில்லனை இறக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு விபத்து. பிரிட்ஜெட் மாதிரி ஒருத்திக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவளுக்குத் தொல்லை அவளேதான். மாப்பிள்ளை கிடைத்துவிட்டான் என்பதற்காக அந்தத் தொல்லை ஊரைவிட்டுப் போய்விடாது. பெட்டி படுக்கையோடு அவள் எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே வரும். முதல் படம் முடியும்போது கதையின் மூலப்பொருள் துளிகூடக் குறையாமல் அப்படியே இருக்கிறது.

அவள் பிறந்த விதத்திலேயே இது இருக்கிறது. 1995-இல் லண்டனின் 'தி இன்டிபென்டென்ட்' நாளிதழ், தனியாக வாழும் பெண்ணின் நகர வாழ்க்கையைப் பற்றித் தன் பெயரிலேயே ஒரு தொடர் பத்தி எழுதும்படி ஹெலன் ஃபீல்டிங்கைக் கேட்டது. தன் கதையைத் தானே ஊரறிய எழுத அவருக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் ஒரு கற்பனைப் பெண்ணை உண்டாக்கி, பெயர் போடாமல் எழுதினார். தன் பெயரில் சொல்ல வெட்கப்பட்டவை எல்லாம் பிரிட்ஜெட் வாயில் வந்து விழுந்தன. பத்தி 1996-இல் நாவலானது, 1999-இல் இரண்டாவது நாவல் வந்தது, 2013-இல் மூன்றாவது. படங்கள் 2001, 2004, 2016, 2025. நான்கிலும் ரெனே ஸெல்வெகர்தான் பிரிட்ஜெட்.

நாவல் டயரி வடிவில் ஓடும். ஒவ்வொரு நாளும் கணக்கோடு தொடங்கும்: எடை எவ்வளவு, மது எத்தனை யூனிட், சிகரெட் எத்தனை, கலோரி எத்தனை. முதல் நாள் புத்தாண்டு. எடை 9 ஸ்டோன் 3 பவுண்டு, நம் கணக்கில் 58 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மது 14 யூனிட், சிகரெட் 22, கலோரி 5,424. எடைக்குப் பக்கத்தில், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு பார்த்தது என்று ஒரு சாக்கு. மதுவுக்குப் பக்கத்தில், உண்மையில் இது இரண்டு நாள் கணக்கு என்று இன்னொரு சாக்கு. வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இந்தக் கை தெரியும். மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போது 'இதர செலவு' என்று ஒரு வரி போடுவோமே, அதே கைதான். தப்பு செய்வது பெரிய விஷயமில்லை. தப்பையும் எழுதி, பக்கத்திலேயே சாக்கையும் எழுதி, இரண்டையும் நம் கண் முன்னால் வைக்கிறாளே, அங்கேதான் அவள் நமக்குச் சொந்தக்காரி ஆகிறாள்.

நாவலில் ஓர் இடம் எனக்கு எப்போதும் மறக்காது. படத்தில் அது இல்லை. 18 வருடமாகக் கலோரி எண்ணி, ஒருநாள் அவள் நினைத்த எடைக்கே வந்துவிடுகிறாள்: 8 ஸ்டோன் 7, அதாவது சுமார் 54 கிலோ. பெருமையோடு ஒரு விருந்துக்குப் போகிறாள். பார்க்கிறவர்கள் எல்லோரும் உடம்பு சரியில்லையா, களைப்பாகத் தெரிகிறாயே என்கிறார்கள். முன்பே நன்றாகத்தான் இருந்தாய் என்கிறான் ஒரு நண்பன். 18 வருடக் கணக்குப் பாடம் அந்த ஒரு மாலையில் வீணாகிறது. குறை என்று அவள் நினைத்தது குறையே இல்லை. அதைத் தீர்க்கப் பாடுபட்டதுதான் குறை. இப்படி ஒரு நாயகியை எழுதிவிட்டால், இனி எதைச் சாதித்தாலும் அவள் கதை முடியாது என்று எழுதியவருக்கும் தெரிந்திருக்கும்.

(இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2001 படத்தில் எடை 136 பவுண்டு, அதாவது 62 கிலோவுக்கும் குறைவு. அதைப் பருமன் என்று அவள் நினைக்கலாம், அது அவள் கிறுக்கு. பல இடங்களில் படமே அவளோடு சேர்ந்து அப்படி நினைத்துக்கொள்கிறது. அன்று சிரித்துக்கொண்டே பார்த்தோம். இப்போது அந்த இடங்கள் வந்தால் நெளிகிறேன்.)

குறையுள்ள நாயகி ஒன்றும் 1995-இல் கண்டுபிடித்த சரக்கு இல்லை. பிரிட்ஜெட் கதையின் எலும்புக்கூடு ஜேன் ஆஸ்டின் எழுதிய 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலுடையது. திமிர் பிடித்தவனாகத் தெரிகிற நல்லவன், நல்லவனாகத் தெரிகிற புரட்டன், நடுவில் தன் முதல் அபிப்பிராயத்தை நம்பி ஏமாறும் பெண். நாயகனுக்கு டார்சி என்ற பெயரைக்கூட மாற்றவில்லை. 1995-இல் பிபிசி தொடரில் ஆஸ்டினின் டார்சியாக நடித்த காலின் ஃபிர்த்தே பிரிட்ஜெட்டின் மார்க் டார்சியாகவும் நடித்தார். அந்த ஆஸ்டின் 1817 மார்ச்சில், இறப்பதற்கு நாலு மாதம் முன்பு, ஃபேனி நைட் என்ற பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதினார். குறையே இல்லாத பாத்திரங்களைப் பார்த்தால் தனக்குக் குமட்டுகிறது, கெட்ட புத்தி வருகிறது என்று அதில் சொல்கிறார். ஃபேனி யார் தெரியுமா? அவருடைய அண்ணன் மகள். அத்தைகள் இதைச் சொல்லி வருவது இருநூறு வருடப் பழக்கம் என்று என் அண்ணன் மகளுக்குச் சொல்ல வேண்டும்.

இப்போது முதல் படத்தின் நடுவில் வரும் ஒரு காட்சியைப் பாருங்கள். புத்தாண்டு விருந்து ஒன்றில், மிஞ்சிய வான்கோழியைக் கறி வைத்துப் பரிமாறும் வீட்டில், மார்க் அவளைப் பற்றித் தன் அம்மாவிடம் கேவலமாகச் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. அப்போது அவன் போட்டிருந்தது அம்மா கொடுத்த ஸ்வெட்டர், மார்பு முழுக்க ஒரு கலைமான் முகம். கேவலமாகப் பேசுகிறவனும் கேலிக்குரியவனாக நிற்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். பல மாதம் கழித்து, தம்பதிகள் மட்டும் நிறைந்த ஒரு விருந்தில் அவமானப்பட்டு அவள் கிளம்பும்போது, அவன் படியருகே வந்து நிறுத்துகிறான். உன் அம்மா ஒரு மாதிரி, மேடையில் நீ மோசமாகப் பேசுகிறாய், மனதில் வருவதெல்லாம் யோசிக்காமல் வாயில் வந்துவிடுகிறது என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறான். அப்புறம், நீ இருக்கிறபடியே உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது என்கிறான். தோழிகளால் இதை நம்பவே முடியவில்லை. இன்னும் ஒல்லியாகி, இன்னும் புத்திசாலியாகி, மூக்கு கொஞ்சம் சின்னதாகிக்கூட அல்லவா, அப்படியேவா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

அழகான வசனம். ஆனால் ஒரு படத்துக்குள் அது வெறும் வாக்கு. படியருகே நின்று சொல்வது எவனுக்கும் சுலபம். மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்த பிறகும் அது நிற்குமா? ஈரத் துண்டு கட்டிலில் கிடக்கும்போது நிற்குமா? அவனுடைய அலுவலக விருந்தில் நாலு பேர் முன்னால் அவள் உளறும்போது நிற்குமா? பூரணமான நாயகியிடம் சொன்ன வாக்கை யாரும் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை, இவளிடம் சொன்னதைச் சோதித்தே ஆக வேண்டும். அடுத்த பாகம் என்பது அந்தச் சோதனைதான்.

முதல் படத்தின் கடைசிக் காட்சியே அதற்கு வழி வைத்துவிட்டுப் போகிறது. மேஜையில் திறந்து கிடக்கும் டயரியை மார்க் படித்துவிடுகிறான். அதில் அவனைத் திட்டி எழுதியிருக்கிறாள். அவன் வெளியே போய்விட்டதைப் பார்த்து, எல்லாம் போச்சு என்று பனி கொட்டும் தெருவில் உள்ளாடையோடு ஓடுகிறாள். அவன் கோபித்துக்கொண்டு போகவில்லை, கடைக்குப் போயிருக்கிறான். அவளுக்கு ஒரு புது டயரி வாங்க. மோதிரம் கொடுக்க வேண்டிய இடத்தில் எழுதாத நோட்டு ஒன்றைக் கொடுக்கிறான்! அதைவிட வெளிப்படையாக இரண்டாம் பாகம் உண்டு என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த இரண்டாம் பாகம் சறுக்கியது. வசூல் ஒன்றும் குறைவில்லை, 26 கோடி டாலருக்கு மேல். விமர்சகர்கள்தான் கிழித்துவிட்டார்கள், பாதிக்கு மேல் நியாயமாகத்தான். எங்கே சறுக்கியது என்று பார்த்தால் அவள் கேள்வியின் பின்பாதிக்கும் பதில் கிடைக்கும்.

நல்ல பாதியில் இரண்டு சின்ன விஷயங்கள் வருகின்றன. ஒன்று, மார்க் படுக்கப் போகும் முன் தன் உள்ளாடையை மடித்து வைக்கிறான். அது அவளுக்கு எரிச்சல். இன்னொன்று, கர்ப்பமாக இருக்கலாமோ என்று ஒரு சந்தேகம் வருகிறது, உடனே பையனை, பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியில் சேர்ப்பதா வேண்டாமா என்று இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள். இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடி, அந்தப் பள்ளிக்கூடத்துக்காகச் சண்டை. அவன் வளர்ந்த விதமும் அவள் வளர்ந்த விதமும் அந்த ஐந்து நிமிடத்தில் முட்டிக்கொள்கின்றன. பரிசோதனையில் குழந்தை இல்லை என்று வருகிறது, சண்டை மட்டும் இருக்கிறது. சேர்ந்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல காட்சி வேண்டாம். படம் முழுக்க இதே மாதிரி போயிருந்தால் நான் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பேன்.

ஆனால் படம் எடுத்தவர்களுக்கு அது போதவில்லை. வானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கிப் பன்றிக் கொட்டிலில் விழ வைக்கிறார்கள். பனிச்சறுக்கில் உருட்டுகிறார்கள். கடைசியில் தாய்லாந்தில், அவள் தன் பையில் வைத்திருந்த தோழியின் பரிசுப் பொருளுக்குள் போதை மருந்து இருந்ததென்று சிறையிலேயே அடைக்கிறார்கள். அங்கே உண்மையாக அடிபட்டு வந்த பெண்கள் இவள் காதல் சோகத்துக்குப் பின்னணியாக நிற்கிறார்கள், இவள் அவர்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். எனக்கு அது அன்றைக்கே பிடிக்கவில்லை.

தப்பு செய்கிறவள் வேறு, தடுக்கி விழுகிறவள் வேறு. தப்பு ஆசையிலிருந்து வருகிறது, பயத்திலிருந்து வருகிறது. கெட்டவன் என்று தெரிந்தும் மேலதிகாரி டேனியலோடு அவள் போனது தப்பு. அது அவளுடையது, அதனால் நமக்கும் வலிக்கிறது. பன்றிக் கொட்டிலில் விழுவது இயக்குநர் தள்ளிவிட்டது. முதல் படத்தில் சமையலுக்குக் கட்டின நீல நூல் சாயம் போய் சூப் நீலமாகிறது. அதுவும் விபத்துதான், ஆனால் அதற்குப் பின்னால் விருந்தாளிகள் முன் மானத்தைக் காப்பாற்ற நினைத்த ஒரு பெண் இருக்கிறாள், வந்தவர்கள் அந்த நீலத்தை வாயில் வைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லப் பாடுபடுகிறார்கள். இரண்டாவது படத்தில் அந்தப் பின்னணியைக் கழற்றிவிட்டு விழுவதை மட்டும் பெரிதாக்கினார்கள்.

நம் சினிமாவில் 'லூசுப் பொண்ணு' என்று கேலியாகச் சொல்வோமே, ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடித்து, மழையில் ஆடி, வாய் ஓயாமல் பேசும் நாயகி, அவளுக்கும் பிரிட்ஜெட்டுக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். லூசுப் பொண்ணின் அசட்டுத்தனம் நாயகன் ரசிப்பதற்காக இருக்கிறது. தான் அசடு என்று அவளுக்குத் தெரியாது, தெரியவும் விடமாட்டார்கள். பிரிட்ஜெட்டுக்குத் தெரியும். இரவு உட்கார்ந்து கணக்கெழுதுகிறாள். குறையைத் தானே பார்க்கிற கண் ஒருத்திக்கு இருந்தால்தான் அவளை வைத்து இரண்டாம் பாகம் தாங்கும். இல்லையென்றால் முதல் பாகத்தின் இடைவேளையிலேயே அலுத்துவிடும்.

சரி, இரண்டாவது படம் அவ்வளவு மோசம் என்றால் எங்கள் கடை நோட்டில் அது ஏன் அத்தனை முறை இருந்தது? பேங்க்கில் வேலை பார்த்த ஓர் அக்கா வருவார். கணவர் வெளியூரில், மாமியார் கூட இருந்தார். சனிக்கிழமை மதியம் பேங்க் முடிந்து நேராகக் கடைக்கு வருவார், தோளில் இன்னும் பேங்க் பை இருக்கும். இரண்டாவது பிரிட்ஜெட்டை மூன்று முறை எடுத்தார். மூன்றாவது முறை நான் கேட்டுவிட்டேன்: "போன தடவை நல்லால்லைன்னுதானே சொன்னீங்க?" அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "படம் நல்லால்லைதான்மா. அவ எப்படி இருக்கான்னு பாத்துட்டுத் தரேன்."

அடுத்த பாகத்தின் கவர்ச்சியைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன், இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை. ஊருக்குப் போனால் முன்பு குடியிருந்த தெருவில் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வருவோம். அங்கே புதிதாக ஒன்றும் நடந்திருக்க வேண்டியதில்லை. அவளுக்கு இன்னும் அந்தக் கால்வலி இருக்கிறதா, மகன் ஒழுங்காகப் பேசுகிறானா என்று பார்க்கத்தான். குறையில்லாதவர்கள் வீட்டை யாரும் இப்படி எட்டிப் பார்ப்பதில்லை, அவர்கள் நன்றாகத்தான் இருப்பார்கள் என்று விட்டுவிடுகிறோம்.

இந்த வழியில் பிரிட்ஜெட்டைவிடத் துணிச்சலாகப் போன ஒரு படம் நம் நாட்டிலேயே உண்டு. 2011-இல் வந்த 'தனு வெட்ஸ் மனு'வுக்கு 2015-இல் இரண்டாம் பாகம் எடுத்தார் ஆனந்த் எல். ராய். முதல் பாகத்தில் கான்பூர்க்காரி தனுவை, பிடிவாதமும் வாய்த்துடுக்கும் நிறைந்தவளை, லண்டன் டாக்டர் மனு, அதாவது நம் மாதவன், பொறுமையாகக் காத்திருந்து கல்யாணம் செய்துகொள்கிறார். நான்கு வருடம் கழித்து இரண்டாம் பாகம் தொடங்குவது லண்டனில் ஒரு மனநல மருத்துவமனையில். டாக்டர்கள் முன்னால் இருவரும் ஒருவரையொருவர் கிழித்துக்கொள்கிறார்கள். கடைசியில் கணவனை அங்கேயே அடைக்கவிட்டு அவள் கான்பூருக்கு வந்துவிடுகிறாள். காதல் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு இப்படி ஒரு தொடக்கம் வைக்கத் தைரியம் வேண்டும். தனுவை நல்லவளாக்கிக் காட்ட யாரும் முயலவில்லை.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. தனு போலவே முகம் கொண்ட ஹரியானா விளையாட்டு வீராங்கனை ஒருத்தி, குஸும், வீட்டில் தத்தோ, கதைக்குள் வந்தாள். தனுவாக நடித்த கங்கனா ரணாவத்தே அவளாகவும் நடித்தார். கட்டை முடி, துருத்திய பல், சொந்தக் காலில் நிற்கும் நிமிர்வு. மனு அவள் பக்கம் சாய்ந்ததுபோல் பார்த்தவர்களும் சாய்ந்துவிட்டார்கள். முடிவில் மணமேடையில் தத்தோவே விலகிக்கொள்ள, மனு பழைய மனைவியிடம் திரும்புகிறார். தியேட்டரில் என் பக்கத்தில் இருந்த பெண்மணி 'அட, போய்யா' என்று வாய்விட்டே சொன்னார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. தனுவின் குறை நமக்குத் தெரிந்த அளவுக்கு, அந்தக் குறையை அவள் பார்த்துக் கலங்கின நேரம் படத்தில் இல்லை. கணவனுக்கு வேறொருத்தி அமைந்த பிறகுதான் அவளுக்கு வலிக்கிறது. கங்கனாவுக்கு அந்த ஆண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான். ஆனாலும் குறையுள்ளவளைக் கொண்டாட வந்த படம் தெரியாமலேயே குறையுள்ளவளுக்கும் நேரானவளுக்கும் போட்டி வைத்துவிட்டது. போட்டி வைத்தால் ஜனங்கள் தத்தோவுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள்.

பிரிட்ஜெட்டுக்கு வருவோம். இரண்டாவது படத்துக்கும் மூன்றாவதற்கும் நடுவில் 12 வருட இடைவெளி. அந்த இடைவெளிதான் வரிசையைக் காப்பாற்றியது என்பது என் கட்சி. 2016 படம் அவளுடைய 43-ஆவது பிறந்தநாளில் தொடங்குகிறது. வீட்டில் தனியாக, ஒரு கப்கேக்கில் ஒற்றை மெழுகுவர்த்தி. எடை? நினைத்த எடைக்கு வந்துவிட்டாள். டிவியில் நல்ல வேலை. முதல் படத்தில் தீர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நம்பின பட்டியலில் பாதிக்கு மேல் தீர்ந்தாயிற்று, சோபாவில் இன்னும் தனியாக இருக்கிறாள். அப்புறம் கர்ப்பம், அப்பா மார்க்கா இன்னொருவனா என்று தெரியாத குழப்பம், இரண்டு பேரும் சேர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியின் சுழல் கதவில் மாட்டிக்கொள்வது. இதெல்லாம் கேலிக்கூத்துதான், ஆனால் பன்றிக் கொட்டில் வகை இல்லை. நாற்பதைத் தாண்டின ஒருத்தியின் அவசரமும் பயமும் அதற்கு அடியில் இருக்கின்றன. பிரசவ டாக்டராக வரும் எம்மா தாம்சன் திரைக்கதையிலும் கை வைத்திருக்கிறார். இரண்டு அப்பாக்களையும் அந்த டாக்டர் பார்க்கும் பார்வைக்காகவே ஒருமுறை பார்க்கலாம்.

இதற்குள் ஒரு விசித்திரம் உண்டு. 2013 நாவலில் மார்க் டார்சி இறந்துவிட்டான் என்பது வெளியீட்டுக்கு முன்பே செய்தித்தாளில் வந்து, வாசகர்கள் கொதித்துப்போனார்கள். சொந்த வீட்டில் துக்கம் நடந்ததுபோல் சண்டைக்குப் போனார்கள். ஆனால் 2016 படம் அந்த நாவலுக்கு முந்தைய காலத்தைச் சொல்கிறது. அதன் முடிவில் மார்க் மாப்பிள்ளையாக நிற்கிறான். புத்தகம் படித்தவர்கள், இவன் போகப்போகிறவன் என்று தெரிந்தே அந்தக் கல்யாணத்தைப் பார்த்தார்கள். முதல் பாகத்தில் இப்படி ஒரு கனம் வரவே வராது. வருடங்கள் சேர்ந்தால்தான் வரும்.

நான்காவது படம் 2025 பிப்ரவரியில், காதலர் தினத்தை ஒட்டி வந்தது. பிரிட்டனில் தியேட்டர் நிறைந்தது. அமெரிக்காவில் நேராக ஓடிடிக்குப் போய்விட்டது. அது எனக்கு வருத்தம், இந்த மாதிரிப் படத்தில் பக்கத்து சீட்டில் யாரோ சிரிப்பதும் ஒரு பங்கு. மார்க் சூடானில் மனிதநேயப் பணியில் இறந்து நாலு வருடம் ஆகியிருக்கிறது. இரண்டு பிள்ளைகள். காலையில் பைஜாமாவோடு பள்ளி வாசலில் நிற்கிறாள். முதல் படத்தில் தடுக்கிவிட்டது அவளுடைய ஆசை, இப்போது தடுக்கிவிடுவது துக்கம். அதே தலைமுடி, அதே ஓட்டம், அடியில் இருப்பது வேறு.

தொடக்கத்தில் ஒரு வாசற்படிக் காட்சி. ஒரு நண்பர் வீட்டு விருந்துக்கு அவள் வந்து நிற்கிறாள். மார்க்கும் வந்து பக்கத்தில் நிற்கிறான், எப்போதும் போல ஒரு பார்வை. கதவு திறக்கிறது. அவள் மட்டும் நிற்கிறாள். உள்ளே மேஜையைச் சுற்றித் தம்பதிகள், இனி நீ என்ன செய்யப் போகிறாய் என்று ஆளுக்கொரு கேள்வி. 2001 படத்திலும் இதே மாதிரி ஒரு மேஜை, இதே மாதிரி தம்பதிகள், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டவர்கள். 24 வருடத்தில் கேள்வி மட்டும்தான் மாறியிருக்கிறது. அந்த முதல் மேஜையில் ரெனேவுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது, இந்த மேஜையில் 55. ஒப்பனையால் வரவழைக்க முடியாத ஒன்று அந்த முகத்தில் இருக்கிறது. பேங்க் அக்காவுக்கும் எனக்கும் அதே 24 வருடம் ஆகியிருக்கிறது.

டேனியல்கூட, முதல் படத்தில் அவளை ஏமாற்றிய அந்தப் புரட்டன், இப்போது அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்து நிற்கிறான். திருந்திவிட்டான் என்று படம் சொல்லவில்லை. அவளை அத்தனை வருடமாகத் தெரிந்தவர்களில் மிஞ்சிய சிலரில் அவனும் ஒருவன். வாழ்க்கையில் பழைய பகைகள் முடிவதும் பெரும்பாலும் இப்படித்தானே? மன்னிப்பு ஒன்றும் நடக்காது, ஆள் குறைந்துபோவார்கள்.

அண்ணன் மகள் எல்லாவற்றையும் பார்க்கப்போகிறேன் என்கிறாள், அவளுக்கு ஒரு வரிசை எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் படத்தை முழுதாகப் பார். முடிந்தால் அதற்கு முன் நாவலில் அந்த 54 கிலோ பக்கத்தை மட்டுமாவது படி. இரண்டாவதில் ஈட்டன் சண்டைவரை உட்கார். தாய்லாந்துக்கு விமானம் கிளம்பும்போது எழுந்து போய் டீ போட்டுக்கொள், இஞ்சி தட்டிப் போட்டு நிதானமாகவே போடலாம், ஒன்றும் போய்விடாது. மூன்றாவதை எப்போது வேண்டுமானாலும் பார். நான்காவதுதான் புதுசு என்று அதிலிருந்து மட்டும் ஆரம்பிக்காதே. வாசற்படியில் அவள் பக்கத்தில் வந்து நிற்பவன் ஒரு காலத்தில் கலைமான் ஸ்வெட்டர் போட்டிருந்தான் என்று தெரியாவிட்டால், கதவு திறக்கும்போது உனக்கு ஒன்றும் ஆகாது.